முனிரத்தினம் மாமாவின் வயிறு

செய்தி காலையில் வந்தது. பெங்களூரில் மகன் வீட்டுச் சமையலறையில், பால் பொங்கி வழியாமல் பார்த்துக்கொண்டு நின்றிருந்தேன். தொலைபேசியில் என் அக்கா மகள் பவானி. அவள் அழவில்லை. "நைனா பூட்டாரு மாமா," என்றாள். நைனா என்றது அவள் அப்பாவை. பிறகு, சொல்ல மறந்ததைச் சேர்ப்பவள் போல, "தூக்கத்துலதான். நோவு இல்லாம பூட்டாரு. நீ பதறாம வா," என்றாள். பதறாமல் வரச் சொன்ன அந்தக் குரல்தான் என்னைப் பதற வைத்தது. அடுப்பை அணைத்தேனா என்பதுகூட நினைவில்லை. பலமனேர் வழியாகச் சித்தூர் போகும் பஸ்ஸில் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஊர் போய்ச் சேர்ந்தேன்.

நகரிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரிலும், பங்காருபாளையம் மாங்காய் மண்டியிலும் வேன்காரர் முனிரத்தினத்தை அறியாதவர்கள் குறைவு. என் அக்கா கஸ்தூரியின் கணவர். எனக்கு மாமா. அவரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். எழுதத் தூண்டியது துக்கம் மட்டுமல்ல. அன்று பந்தலுக்கு அடியில், எனக்குப் பின்னால் யாரோ ஒருவர் சொன்னது காதில் விழுந்தது. "தெனம் நடந்தாரு. கூழு குடிச்சாரு. வயித்தக் கொறச்சாரு. இன்னா ஆச்சி? நடக்காதவன்லாம் கல்லு மாதிரி கீறான்." சொன்னவரிடம் கெட்ட எண்ணம் இல்லை, சாவு வீட்டில் எல்லோரும் பேசுவது போலப் பேசினார். மேளச் சத்தத்தில் என்னால் திரும்பிப் பதில் சொல்ல முடியவில்லை. பெங்களூர் திரும்பிய பிறகும் அந்தப் பேச்சு என்னை விடவில்லை. முழுப் பதில் என்னிடம் இருக்கிறதா என்பதும் தெரியவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அக்காவைக் கட்டிக்கொண்டபோது மாமா குச்சி போல இருந்தார். அடுத்தவர் மாந்தோப்பில் காய் பறிக்கிற கூலி வேலை. எங்கள் சனத்தில் அப்போது யாருக்கும் கையகல நிலம் கிடையாது. கல்யாணத்துக்கு இரவல் வாங்கிய கால்சட்டை இடுப்பில் நிற்காமல் ஊக்குப் போட்டு இறுக்கியிருந்தார்கள். போட்டோ எடுக்க வந்தவர், "மாப்ள, கொஞ்சம் நெஞ்ச நிமித்துங்க," என்றார். மாமா முயன்று பார்த்துவிட்டு, "நிமித்தறதுக்கு உள்ள இன்னாமாச்சி இருக்கணுமே," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். அந்தப் படம் இன்றும் அக்கா வீட்டில் இருக்கிறது. அதில் எல்லோரும் காமிராவைப் பார்க்கிறார்கள். மாமாவின் கண் பந்தி நடக்கிற பக்கம் இருக்கிறது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் தெருவிலிருந்து ஆட்கள் கிளம்பத் தொடங்கினார்கள். சிலர் பெங்களூர்க் கம்பெனிகளுக்கு, சிலர் குவைத்துக்கு. மாமா லாரியில் கிளீனராகச் சேர்ந்து வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, குவைத்தில் ஒரு வீட்டுக்கு டிரைவராகப் போனார். நடுவில் ஒரே ஒருமுறை வந்தார். கடைசியாகத் திரும்பியபோது சென்னை விமான நிலையத்துக்கு நாங்கள் வாடகை வேன் பிடித்துப் போயிருந்தோம். தள்ளுவண்டியோடு வெளியே வந்தவரை அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. சட்டைப் பொத்தான்கள் இழுத்துக்கொண்டு நின்றன. வயிறு முன்னால் வந்தது, ஆள் பின்னால் வந்தார். அக்கா சிரித்துக்கொண்டே அழுதாள்.

மாமா என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தார். "தொட்டுப் பாரு மச்சான். எங்க நைனாவுக்கு இது இல்ல, அவங்க நைனாவுக்கும் இல்ல. இதுதான் நான் வாங்கன மொத நெலம்."

பிறகு உண்மையிலேயே ஒன்றரை ஏக்கர் வாங்கினார். பழைய வேன் ஒன்றும் வாங்கி மண்டிக்கு மாங்காய் ஏற்றினார். ஆனால் ஊர் அவரை மதித்தது அந்த வயிற்றைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன். முன்பு அவரை "ஒரேய்" என்று டேய் போட்டுக் கூப்பிட்ட மண்டி வியாபாரிகள், "ரண்டி ரத்னம்காரு, கூச்சோண்டி" என்று தெலுங்கில் மரியாதையாக அழைத்து நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். அந்த நாற்காலியில் அவர் உட்காருகிற அழகைப் பார்க்கவே நான் கூடப் போவேன். வயிற்றைக் கொஞ்சம் தூக்கி வைப்பது போல உட்காருவார்.

உட்கார்ந்தவர் அதிக நேரம் உட்காரமாட்டார் என்பது கொஞ்ச நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

பள்ளி விடுமுறையில் அவரோடு வேனில் போவேன். ஆசிரியர் வேலையில் எனக்குக் கோடையில் ஓய்வு. அவருக்குக் கோடையில்தான் வேலை. வண்டி கொஞ்ச தூரம் போகும். ஓரம் கட்டுவார். "இஞ்சின் சூடாச்சி" என்று முன்பக்கத்தைத் திறந்து வைப்பார். புளியமரத்துக்குப் பின்னால் போய் நிற்பார். நெடுநேரம் நிற்பார். திரும்பி வருகிற முகத்தில் வேலை முடிந்த நிம்மதி இருக்காது. மறுபடி கொஞ்ச தூரம். மறுபடி இஞ்சின் சூடு. ஒருநாள் நானே ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புதான், கொதிக்கவில்லை. முன்பக்கத்தை மூடிவிட்டு ஏறி உட்கார்ந்தேன்.

தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். கல்யாண வீடுகளில் வாசலுக்குப் பக்கத்து நாற்காலியாகப் பார்த்து உட்கார்ந்தார். யாராவது பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து போனார். "குவைத்துக்குப் போய் வந்ததும் மனுசனுக்குக் காலு தரையில நிக்கமாட்டேங்குது" என்று அக்கா சொன்னாள். பணம் வந்ததால் வந்த பரபரப்பு என்று நானும் நினைத்தேன்.

பவானிக்குச் சம்பந்தம் கூடி வந்தது. பையன் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. அவனுடைய அப்பா கோவிந்தசாமி பலமனேரில் பால் வியாபாரம் செய்பவர். கல்யாண மண்டபம் பேச நானும் மாமாவும் திருப்பதிக்குப் போனோம். வழியில் இறங்க வேண்டியிருக்குமே என்று காலையிலிருந்து அவர் தண்ணீர் தொடவில்லை. பஸ்ஸிலும் அடக்கிக்கொண்டே வந்திருக்கிறார். மதியம் பஸ் நிலையத்துக் கழிப்பறைக்குப் போனவர் வெகுநேரம் வரவில்லை. தேடிப் போனேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சட்டை முழுக்க வியர்வை.

"வரல மச்சான். முட்டிக்கினு கீது. ஒரு சொட்டு வரல."

ஆட்டோவில் ஏற்றினேன். சாலையில் ஒவ்வொரு மேட்டிலும் அலறினார். குவைத்து வெயிலையும் முதலாளிகளையும் தாங்கிய மனிதர், நடுத்தெருவில் குழந்தை போல என் தோளைக் கடித்தார். ஆட்டோக்காரரே ஒரு சிறுநீரக டாக்டரின் கிளினிக்கில் கொண்டுபோய் விட்டார். டாக்டர் பெயர் தேவசகாயம். சித்தூரில் பழைய கிறிஸ்தவ சபைக் குடும்பத்தைச் சேர்ந்தவர். எங்களைப் போலவே தமிழ் பேசினார். மேற்கொண்டு எதுவும் கேட்காமல் குழாய் போட்டார். பை நிறைந்தது. மாமா கண்ணை மூடினார். உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டார்.

எழுந்த பிறகு சோதித்துப் பார்த்துவிட்டு டாக்டர் பேசினார். மூத்திரப் பைக்குக் கீழே, ஆண்களுக்கு மட்டும், புராஸ்டேட் என்று ஒரு சுரப்பி இருக்கிறது. நெல்லிக்காய் அளவில் இருக்க வேண்டியது வீங்கிப்போய்ப் பாதையை நெரிக்கிறது என்றார். வயதானால் பலருக்கும் வருவதுதான். மாத்திரை எழுதினார். அப்புறம் மாமாவின் வயிற்றின் மேல் கையை வைத்தார்.

"இதக் கொறைக்கணும்."

மாமாவுக்கு முகம் மாறியது. "நோவு கீழ கீது. நீங்க மேல கை வெக்கறீங்க."

"ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குது ரத்தினம். வயித்துக் கொழுப்பு சும்மா மூட்டை மாதிரி கெடக்கறதில்ல. உள்ள அதுபாட்டுக்கு வேலை செஞ்சிக்கினே இருக்கும். இன்சுலின ஏத்தும், ஹார்மோன மாத்தும், அங்கங்க வீக்கத்தத் தூண்டிவிடும். இடுப்பு பெருத்தவங்களுக்கு இந்தத் தொந்தரவு அதிகமாத்தான் பாக்கறேன். கொறைச்சா சுரப்பி சின்னதாயிடும்னு சத்தியம் பண்ணமாட்டேன். ஆனா தொந்தரவு கொறையும். மாத்திரையும் நல்லா கேக்கும்."

"வயசுனால வர்றதுன்னு இப்பதான சொன்னீங்க?"

"வயச என்னால கொறைக்க முடியாதே."

திரும்பி வருகிற வழியெல்லாம் மாமா கோபமாக இருந்தார். வேட்டிக்குள் மூத்திரக் குழாயின் பையைக் கட்டிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார். புத்தூர் தாண்டியதும் திடீரென்று என் பக்கம் திரும்பினார். "பசியோட பொறந்தேன் மச்சான். இத நெரப்பறதுக்குத்தான் கடல் தாண்டிப் போனேன். பொண்டாட்டிய வுட்டுட்டுப் போனேன், புள்ள வளந்ததக்கூடப் போட்டோலதான் பாத்தேன். இப்ப அதக் கொறைன்றாரு. நெலத்த வித்துடுன்ற மாதிரி."

குழாயோடு இருந்த நாட்களில் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஊருக்குக் காய்ச்சல் என்று சொன்னார்கள். குழாயை எடுக்க மறுபடி திருப்பதி போனோம். எடுத்தபின், தானாக வருகிறதா பார்க்கவேண்டும் என்று நர்ஸ் சொம்புத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். மாமா கழிப்பறைக்குள் போனார். நான் கதவுக்கு வெளியே நின்றேன். உள்ளே ஒரே அமைதி. வெளியே காத்திருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். பிறகு சத்தம் கேட்டது. சத்தத்தோடு சிரிப்பும் கேட்டது.

"மச்சான், கேக்குதா?"

"கேக்குது மாமா."

வெளியே வந்தபோது கண் கலங்கியிருந்தது. டாக்டரிடம் போய், "எவ்ளோ நடக்கணும்?" என்று கேட்டார்.

மறுநாளிலிருந்து அவரை வீட்டில் பிடிப்பது கஷ்டமாகிவிட்டது. முதல்நாள் ரயில்வே கேட் வரை போய் மூச்சு வாங்கித் திரும்பினார். அப்புறம் கரும்புத் தோட்டத்து வரப்பு, அப்புறம் விசைத்தறிச் சத்தம் கேட்கிற நகரி எல்லை வரை. வேலை இல்லாத நேரமெல்லாம் நடந்தார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். எனக்கு மூச்சு வாங்கும். அவர் பேசிக்கொண்டே நடப்பார், பேச்சும் ஒரு இடத்தில் நிற்காது. சோற்றைப் பாதியாக்கினார். கேழ்வரகுக் களியும் கீரையும் கேட்டார். பொரித்ததை ஒதுக்கினார்.

வீட்டில் சண்டை வந்தது. அக்கா ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "பட்டினி கெடந்த வூட்லதான் வந்து சேந்தேன். சோறு இல்லாத காலத்துல நான் ஒன்னும் கேக்கல. இப்ப பானை நெறைய சோறு கீது, துன்ன ஆளில்ல. என் கைச்சோறு கசக்குதா?"

மாமா அவள் தட்டை எடுத்து அவள் முன்னால் திரும்ப வைத்தார். "ஒன் கைச்சோறு மேல தப்பில்ல கஸ்தூரி. நான்தான் ரெண்டாளுக்குத் துன்னுக்கினு இருந்தேன். பழைய பசிக்கும் சேத்துத் துன்னேன். அந்த ஆள அனுப்பிட்டேன்."

அக்கா அதற்கப்புறம் களி கிண்டினாள். ஆனால் கிண்டும்போது முணுமுணுப்பதை நிறுத்தவில்லை.

மாங்காய்ப் பருவம் வந்தபோது வேன் நிற்காமல் பங்காருபாளையம் போனது. இரவில் எழாமல் தூங்கினார். டாக்டரும் திருப்தியாகத் தலையாட்டினார். உடம்புக்குள் எல்லாம் சரியாகிக்கொண்டிருந்தது. வெளியே வேறொன்று தொடங்கியிருந்தது. மாமாவின் கழுத்தெலும்பு தெரிய ஆரம்பித்தது. கன்னம் ஒட்டியது. குவைத்துச் சட்டைகள் தொளதொளத்தன. அந்த நாட்களில் ஆஸ்பத்திரிச் சுவர், பஸ் நிலையம், லாரி நிறுத்தும் இடம் எங்கும் எய்ட்ஸ் பற்றிய எச்சரிக்கைதான் எழுதியிருக்கும். வெளிநாடு போய் வந்தவர், வண்டி ஓட்டுபவர், திடீரென்று இளைக்கிறார். ஊருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்?

டீக்கடையில் எல்லோருக்கும் கண்ணாடித் தம்ளரில் டீ கொடுத்தவர், மாமாவுக்கு மட்டும் பிளாஸ்டிக் கப்பில் கொடுத்தார். தம்ளர் வேறாவது எங்கள் சனத்துக்குப் புதிதல்ல. ஆனால் அதெல்லாம் முடிந்துபோனது என்று நம்பியிருந்தோம். மாமா கப்பைப் பார்த்தார், குடித்தார், காசை வைத்தார். அன்று அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை.

பேச்சு பலமனேர் வரை போய்விட்டது. ஒரு பிற்பகலில் சொல்லாமல் கொள்ளாமல் கோவிந்தசாமி மனைவியோடு வந்து இறங்கினார். பெரிய உடம்பு, மாமாவுக்கு முன்பு இருந்ததைவிடப் பெரிய வயிறு. தாய்மாமன் என்று என்னையும் கூப்பிட்டு அனுப்பினார்கள். காபி ஆறிக்கொண்டிருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"தப்பா எட்துக்காதீங்க," என்று கோவிந்தசாமி தொடங்கினார். "ஊர்ல ஒரு பேச்சு கீது. பொண்ணு வூட்டுக்காரங்க ஒடம்பு விசயம்... எங்க சைடு பெரியவங்க கேட்டுக்கினு வரச் சொன்னாங்க."

"இன்னா பேச்சு? வாயத் தெறந்து சொல்லுங்க."

கோவிந்தசாமி ஆறிய காபியைத் தள்ளி வைத்தார். அவர் மனைவி முந்தானையைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

மாமா எழுந்து நின்றார். "நானே சொல்றேன். எய்ட்ஸுன்றாங்க. அதான?"

அக்கா "ஐயோ" என்று வாயைப் பொத்தினாள். கதவுக்குப் பின்னால் பவானி நிற்பது எனக்குத் தெரிந்தது. மாமாவுக்கும் தெரியும்.

"அது வந்தவனும் மனுசன்தான். அவன் பொண்ணும் பொண்ணுதான். ஆனா எனக்கு வந்தது அது இல்ல. எனக்கு வந்தது புராஸ்டேட்டு." அந்தச் சொல் எங்கள் வீட்டில் அதுவரை உரக்கச் சொல்லப்பட்டதில்லை. "ஆம்பளைக்கு மூத்திரப் பைக்குக் கீழ ஒரு சொரப்பி கீது. வயசுல வீங்கும். வயிறு பெருத்தா இன்னும் படுத்தும். எனக்கு மூத்திரம் நின்னுபோச்சி சம்பந்தி. குழாய் வெச்சி எட்தாங்க. வயித்தக் கொறைன்னாரு டாக்டரு, கொறைச்சேன். அதான் இளைச்சேன். பொம்பளைங்க எதிர்ல பேசறான்னு வெக்கமா கீதா? எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சி. வெக்கப்பட்டுத்தான் திருப்பதி பஸ் ஸ்டாண்டுல சாவக் கெடந்தேன். நம்பிக்கை இல்லன்னா எங்கூட வாங்க. டாக்டரக் கேளுங்க. என் ரத்தத்த எடுத்து எந்த டெஸ்டு வேணா பண்ணச் சொல்லுங்க. பொண்ண மட்டும் பேச்சுல வெக்காதீங்க."

கோவிந்தசாமி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு மெல்ல எழுந்து, "பின்னால எடம் கீதா?" என்று கேட்டார். அக்கா மாட்டுக் கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினாள். போனவர் வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. மாமா என்னைப் பார்த்தார். பிறகு அவரும் பின்பக்கம் போனார். நானும் போனேன்.

கோவிந்தசாமி வேலியைப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். கொஞ்ச தூரத்திலேயே நின்று மாமா கேட்டார்: "நின்னுக்கினே கீறீங்களா?"

கோவிந்தசாமி வேலிக் கம்பைப் பிடித்தார்.

"வருதா, வரலியா?"

"சொட்டு சொட்டாத்தான்," என்றார் கோவிந்தசாமி, திரும்பாமலேயே. "ரெண்டு மூணு வருசமா கீது. வூட்ல கூட சொல்லல."

"எனக்கும் அப்டித்தான் ஆரம்பிச்சிது. வண்டி சூடாச்சின்னு சொல்லிக்கினு இருந்தேன். நீங்க இன்னா சொல்றீங்க?"

"மாட்டப் பாத்துட்டு வரேன்னு."

இருவரும் சிரித்துவிட்டார்கள். உள்ளே திரும்பி வந்ததும் கோவிந்தசாமி தன் மனைவியிடம், "இங்க ஒன்னும் இல்ல. கல்யாணத்த வெச்சிக்கலாம்," என்றார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, மனைவியும் கேட்கவில்லை. அடுத்த வாரமே நாங்கள் மூவரும் திருப்பதி போனோம். கோவிந்தசாமிக்கு மாத்திரை போதவில்லை. கல்யாணம் முடிந்ததும் அறுவை சிகிச்சை ஆனது. அதன்பின் அவரும் வயிற்றைக் குறைக்க இறங்கினார். சம்பந்திகள் சந்தித்தால் உட்கார்ந்து பேசுவதுதான் வழக்கம். இவர்கள் இருவரும் சந்தித்தால் தோப்புக்குள் நடக்கப் போய்விடுவார்கள். காபி ஆறிப்போகும்.

இப்படியே கதை முடிந்திருந்தால், பந்தலில் கேட்ட அந்தப் பேச்சுக்கு இடமே இருந்திருக்காது.

வருடங்கள் ஓடின. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு பைக் வந்தது, பிறகு இரண்டு வந்தன. டீக்கடைக்குக்கூட யாரும் நடந்து போவதில்லை. பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துப் பெங்களூர் போனார்கள். விடுமுறைக்கு வரும்போது முப்பது வயதுக்குள்ளேயே பெல்ட்டுக்கு மேல் வயிறு தொங்கியது. என் மகனும் அப்படித்தான். மாமா அவர்கள் வயிற்றில் விரலால் குத்துவார். "நம்ம சனத்துக்கு மொத தடவையா வயிறார சோறு கெடச்சிது. எங்க நிறுத்தணும்னு யாரும் சொல்லிக் குடுக்கல" என்பார். பையன்கள் சிரித்துவிட்டுப் போவார்கள்.

ஆனால் மாமாவும் ஒன்றை நிறுத்திவிட்டிருந்தார். வருடா வருடம் வந்து ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். தொந்தரவு இல்லை, நன்றாக நடக்கிறோம், எதற்கு என்று மாமா போகவில்லை. ஒரு கோடையில் இடுப்பு வலித்தது. மாங்காய்க் கூடை தூக்கியதால் என்று எண்ணெய் தேய்த்துக் கட்டுப் போட்டுக்கொண்டார். வலி முதுகுக்கு ஏறியது. நடை குறைந்தது. பவானி பிடிவாதமாகத் திருப்பதிக்கு அழைத்துப் போனாள். நானும் போனேன். தேவசகாயம் டாக்டருக்கும் தலை நரைத்திருந்தது. படங்களைப் பார்த்தார். புராஸ்டேட்டில் புற்று, எலும்புக்குப் போய்விட்டது.

"வயித்தக் கொறைச்சீங்க, ரொம்ப நல்லது," என்றார் டாக்டர். "கூடவே இங்க வர்றதையும் கொறைச்சிட்டீங்களே ரத்தினம்."

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோது மாமா சொன்னார்: "நடக்கறது ஒன்னு, காட்டறது ஒன்னு. ஒன்னு செஞ்சா இன்னொன்னு வாணாம்னு நெனச்சிட்டேன் மச்சான்."

நான் மட்டும் டாக்டரிடம் திரும்பிப் போனேன். மாமா நடந்ததெல்லாம் வீணா என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்திருக்க வேண்டும். நர்ஸ் எட்டிப் பார்த்தார். டாக்டர் என்னை உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. "அந்த வீக்கம் வேற, இந்தப் புற்று வேற," என்றார். "ஒண்ணு இன்னொண்ணா மாறல. யாருக்கு ஏன் வருதுன்னு என்னால சொல்ல முடியாது. வயிறு பெருத்தவங்களுக்கு வந்தா கொஞ்சம் மூர்க்கமா வருதுன்றது தெரியும். அவர் கொறைச்சதால சர்க்கரையும் நெஞ்சுவலியும் இத்தன வருசம் அவர வுட்டுவெச்சிதுன்னு நெனைக்கறேன். நல்லா தூங்கினாரு, நல்லா வண்டி ஓட்டினாரு. அது வீணா? ஆனா நடை ஒரு டெஸ்ட் இல்ல சார்."

பந்தலில் பேசியவருக்கு என்னிடம் இருக்கிற பதில் இவ்வளவுதான். இது போதுமா என்று கேட்டால், எனக்கே சில நேரம் போதவில்லை.

அதற்குப் பின் நடந்ததுதான் என்னை அதிகம் அலைக்கழிக்கிறது. புற்றை அடக்க ஊசி போட்டார்கள். ஆண் ஹார்மோனை நிறுத்துகிற ஊசி. அது உடம்பில் கொழுப்பு சேர்க்கும் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லியிருந்தார். கொஞ்ச மாதங்களில் மாமாவுக்குக் கன்னம் நிறைந்தது. வயிறு திரும்பி வந்தது. விமான நிலையத்தில் பார்த்தோமே, கிட்டத்தட்ட அதே வயிறு. ஊர் சந்தோஷப்பட்டது. டீக்கடைக்காரர் கண்ணாடித் தம்ளரில் டீயை நுரைக்க ஆற்றிக் கொடுத்து, "இப்பதான் பழைய ரத்தினம் மாதிரி கீற. தேறிட்டப்பா," என்றார். மண்டியில் நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

மாமா அந்த நாற்காலியில் உட்கார்ந்து, என்னைப் பக்கத்தில் இழுத்து, காதோரம் சொன்னார்: "நான் எளைச்சப்ப சாவப்போறான்னாங்க. இப்ப சாவப்போறேன், தேறிட்டான்றாங்க." சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் என்ன செய்வது என்று தெரியாமல் எழுந்துபோய் மாங்காய்க் குவியல்களைச் சுற்றி வந்தேன். திரும்பியபோது அவர் அங்கே இருந்த வியாபாரிகளையும் டிரைவர்களையும் சேர்த்து உட்கார வைத்துக்கொண்டு, தெலுங்கிலும் தமிழிலும் மாறி மாறிப் பேசிக்கொண்டிருந்தார். ராத்திரி எழுந்திருக்கிறாயா, நின்று வருகிறதா, கடைசியாக எப்போது காட்டினாய்? சிலர் நெளிந்தார்கள். சிலர் கேலி செய்தார்கள். அந்தப் பருவம் முழுக்க அவருக்குப் "புராஸ்டேட் ரத்னம்" என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர் அந்தப் பெயருக்கும் திரும்பிப் பார்த்தார். சிலர் போய்க் காட்டினார்கள் என்று கேள்வி. எத்தனை பேர் என்று தெரியாது. போகாதவர்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

கடைசி மாதங்களில் அவரால் நடக்க முடியவில்லை. கட்டிலை வாசலில் போடச் சொன்னார். கோவிந்தசாமி பலமனேரிலிருந்து வாரம் தவறாமல் வந்தார்; எழுபது தாண்டியும் நிமிர்ந்த உடம்பு. கட்டிலின் பக்கத்தில் உட்காராமல் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே பேசுவார். "இன்னாய்யா, குந்தேன்," என்று அக்கா சொன்னால், மாமா, "வுடு. எனக்கும் சேத்து நடக்கறாரு," என்பார். பவானி அவர் கால்களைப் பிடித்துவிடுவாள். ஒருநாள் அவளிடம், "அன்னிக்கிக் கதவு பின்னால நின்னுக்கினு இருந்தியே, வெக்கமா இருந்துச்சா?" என்று கேட்டார். இத்தனை வருடம் கழித்து. "இல்ல நைனா. பெருமையா இருந்துச்சி," என்றாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

கருமாதி அன்று அக்கா அவருடைய கைக்கடிகாரத்தை என்னிடம் கொடுத்தாள். அதைப் பவானியின் மகனுக்குக் கொடுத்துவிட்டேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது வேறு. எங்கள் ஊர் ஆண்கள் வயிற்றைப் பற்றிப் பெருமையாகப் பேசுவோம், அதற்குக் கீழே ஒரு வார்த்தை பேசமாட்டோம். அவர் பேசினார். சம்பந்தி முன்னால், மனைவி முன்னால், மகளுக்குக் கேட்கும்படி பேசினார். வெட்கத்தோடுதான் பேசினார். அதை நான் வைத்துக்கொண்டேன்.

அன்றே அதற்கு வேலை வந்தது. பந்தியில் எனக்கு எதிரில் மண்டியிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும், சட்டை வயிற்றில் பிதுங்கியது. சாம்பார் ஊற்றும்போதே எழுந்து போனார். திரும்பி வந்தார். ரசத்துக்குள் மறுபடி எழுந்தார். சாப்பாடு முடிந்து கை கழுவுகிற இடத்தில் அவரைப் பிடித்தேன். சுற்றிலும் ஆட்கள். ஆனாலும் கேட்டேன்.

"ஒன்னுக்குப் போறது செரமமா கீதா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். "அப்பறமா பேசலாம் சார்."

"இங்கியே பேசலாம்," என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன். "புராஸ்டேட்டுன்னு ஒன்னு கீது. குந்துங்க."

கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். பிறகு உட்கார்ந்தார்.